வாயில் வராத சொல்

"அந்தச் சத்தத்த நிறுத்து," என்றார் மந்திரமூர்த்தி.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் புரியாமல் அவரைப் பார்த்தான். வண்டி சீவலப்பேரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பிசானப் பருவத்து நெல் முற்றி, தலை சாய்ந்து நின்றது.

"ஆளு போயாச்சுல்லா. இனி என்ன அவசரம். பைய போ."

ஓட்டுநர் ஒரு பொத்தானை அமுக்கினான். சத்தம் நின்றது. முன் இருக்கையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தி, பின்பக்கம் திறந்திருந்த சிறிய கண்ணாடி வழியாகப் பார்த்தார். மருமகள் சுகன்யா தரையில் உட்கார்ந்து, துணி சுற்றிய தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வளைவில் அது ஆடிவிடக் கூடாது என்று பிடித்திருந்தாள். அந்தத் தலை அவருடைய ஒரே மகன் பெருமாள்ராஜுடையது.

"யாரு கேட்டாலும் மஞ்சக்காமாலைன்னு சொல்லு," என்றார்.

"சரி மாமா."

"வேற ஒண்ணும் பேசண்டாம்."

"சரி மாமா."

வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. பெருமாள்ராஜ் ஓட்டியதும் அதே போன்ற வண்டிதான். மந்திரமூர்த்தி சாலையை மட்டும் பார்த்தார்.

அவருக்கே முந்தின நாள்தான் தெரியும். மகனுக்குக் காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறுகிறது என்று சுகன்யா திருநெல்வேலிக்குக் கூட்டிப் போயிருந்தாள். சேர்த்துக்கொண்டார்கள் என்ற சேதி வந்ததும் இவர் பஸ் ஏறிப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைப் பார்த்து, என்ன சீக்கு என்று கேட்டார்.

"ஒக்காருங்க மாமா."

"நிக்கேன். சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல அவியளுக்குப் புண்ணு வந்தது. வெளிய சொல்ல முடியாத இடத்துல. பொறவு எனக்கும் வந்தது. மேகப்புண்ணுன்னு ரெண்டு பேருக்கும் ஊசி போட்டாவ. ஆறிட்டு. அப்பமே ரத்தமும் பாத்தாவ. அவியளுக்கு எச்ஐவி இருந்தது. கல்யாணத்துக்கு முந்தி, அறுப்புக்குப் போன ஊருலயே வந்திருக்கும்னு சொன்னாவ. அவியளும் ஆமான்னு ஒத்துக்கிட்டாவ."

மந்திரமூர்த்தி பக்கத்தில் இருந்த தூணைப் பிடிக்கவில்லை. பிடித்தால் அவள் பார்த்துவிடுவாள்.

"ஒனக்கு?"

"எனக்கு இல்ல மாமா. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு மட்டம் பாத்துட்டுத்தான் வாரேன்."

"அது எப்படி இல்லாம இருக்கும்."

அவள் சுவரின் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் பெரிய எழுத்தில் இருந்த சொல்லை அவர் படித்தார். பஸ் நிலையங்களில், கழிப்பறைச் சுவர்களில் அந்தச் சொல்லைக் கண்டபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவர் அவர். அன்றைக்குத் திருப்ப முடியவில்லை.

"அங்கன ஒரு அக்கா எங்கள ஒக்கார வச்சுச் சொல்லிக்குடுத்தாவ," என்றாள் சுகன்யா. "ஒவ்வொரு மட்டமும் புதுசு எடுக்கணும், தேதி பாக்கணும், எண்ணெய் தடவிரக் கூடாது, கிழிஞ்சு போச்சுன்னா விடியுததுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்னு. அத ஒழுங்கா போட்டா இந்தச் சீக்கும் அண்டாது, அந்தப் புண்ணு மாதிரி மத்ததும் லேசுல அண்டாதுன்னு. எனக்குத் தலை நிமிர முடியல. அவிய ஒவ்வொண்ணா திருப்பிக் கேட்டாவ. வண்டிக்குக் கிரீஸ் போடக் கத்துக்கிடுத மாதிரி கேட்டாவ."

அவள் உதட்டில் ஏதோ ஒன்று வந்து போனது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"அன்னையில இருந்து ஒரு நா தவறல. பிள்ள வேணும்னு நானே சண்ட போட்டிருக்கேன். வந்தா வந்துட்டுப் போவுது, நானும் ஒங்ககூடயே சாவுதேன்னு சொல்லியிருக்கேன். கேக்கல. எந்திரிச்சு வெளிய போய்ப் படுத்துக்கிடுவாவ."

"மருந்து இருக்குன்னு சொல்லுதாவள்லா," என்றார் மந்திரமூர்த்தி. தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது.

"இருக்கு. ஒழுங்காத் தின்னா எல்லாரையும் போல இருக்கலாம். கிருமி அடங்கிட்டு, இனி நாங்க சொல்லுதபடி கேட்டா பிள்ளையே பெத்துக்கிடலாம்னு டாக்டரம்மா சொன்னாவ. அவியதான் பயந்தாவ. இன்னும் கொஞ்ச நா பாப்பம், இன்னும் கொஞ்ச நா பாப்பம்னாவ. போன அறுப்புக்கு ஆந்திரா போன எடத்துல ஒரே கொட்டகையில நம்மூரு ஆளுவ. மாத்திரை டப்பாவ எவனாவது பாத்துருவான்னு திங்காமலே விட்டுட்டாவ. அப்படியே நின்னு போச்சு. எங்கிட்டயும் சொல்லல. படுக்கையில விழுந்த பொறவுதான் சொன்னாவ."

"ஏன் சொல்லலையாம்?"

"நான் வைவேன்னு." அவள் நிறுத்தினாள். "மாத்திரைய ஏன் விட்டியன்னு கேட்டேன். அய்யா பேரு கெட்டுரப்படாதுன்னு சொன்னாவ."

அவர் செருப்பை வார்டு வாசலில் விட்டு உள்ளே போனார். மகனோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே வீடு, ஒரே முற்றம், ஒரே தட்டுமுட்டுச் சாமான். வம்சத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும், கயத்தாறு பக்கம் ஒரு பெண் இருக்கிறது, இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொள் என்று அவர் சொல்ல, முடியாது என்று ஒரே வார்த்தையில் மகன் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத பிள்ளையோடு பேச்சு வைத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை.

கட்டிலில் கிடந்தவனின் கன்னம் ஒட்டி, பல் முன்னால் வந்திருந்தது. மூளைவரைக்கும் காசநோய் ஏறிவிட்டது என்றார்கள். மந்திரமூர்த்தி குனிந்தார்.

"தண்ணி குடிக்கியாலே?"

மகனின் கண் அவர் பக்கம் வந்தது. அப்பாவைப் பார்த்ததா, அவருக்குப் பின்னால் இருந்த விளக்கைப் பார்த்ததா என்று தெரியவில்லை. வாயை மட்டும் லேசாகத் திறந்தான். பஞ்சை நனைத்துத் தண்ணீர் விட்டார். கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். கோழி கூப்பிடும் நேரத்தில் அந்த வாய் மூடாமலே நின்றுபோனது.

*

வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டி வந்திருந்தது. வண்டியைக் கண்டதும் பெண்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் மந்திரமூர்த்தியின் தங்கை ஆறுமுகத்தாய். தாயில்லாத பெருமாள்ராஜைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"எய்யா, என் ராசா, நான் போட்ட சோறு ஒன் ஒடம்புல ஒட்டலையே," என்று பெட்டியில் தலையை மோதிக்கொண்டாள். அந்த அழுகையில் கள்ளம் இல்லை. ஆனால் அழுதுகொண்டே அவள் பாட்டு வேறு பக்கம் திரும்பியது. "காய்க்காத மரத்தடியில காலமெல்லாம் நின்னியே, கொள்ளி கொண்டு வர ஒரு குஞ்சு குருமான் இல்லாம போறியே."

கூட இருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அந்த அடியையே திரும்பப் பிடித்தார்கள். சுகன்யா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழாததையும் அவர்கள் பார்த்தார்கள்.

இது புதிய பேச்சு அல்ல. போன கோயில் கொடைத் திருவிழாவில் முளைப்பாரி எடுக்க வரிசையில் நின்றவளை, வயிறு திறக்காதவள் எடுத்தால் பயிர் வெளுத்துவிடும் என்று ஆறுமுகத்தாய்தான் ஒதுங்கி நிற்கச் சொன்னாள். சுகன்யா தலையில் இருந்த பானையை இறக்கிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கோயில் மதிலோரம் போய் நின்றாள். முதல் மரியாதைத் துண்டு கழுத்தில் கிடக்க மந்திரமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முறைப்படி நடப்பதில் அவர் குறுக்கிட்டதில்லை.

பந்தல் வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. துஷ்டி கேட்க வருகிற ஆண்கள் இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். வீட்டுக்காரர் தன் கையால் அதைத் தொட்டு விடவேண்டும். வாய் பேசாமல் வருத்தம் கேட்பதும் கொடுப்பதும் அப்படித்தான். மேலத்தெரு, கீழத்தெரு, அக்கரைக்காரர்கள் என்று கைகள் வந்துகொண்டே இருந்தன. "என்ன செஞ்சது அண்ணாச்சி?" "மஞ்சக்காமாலை." "எளந்தாரி உசிரு." கைகள் போயின.

வெயில் பந்தலின் கீற்று வழியாக இறங்கியபோது கைகள் நின்றன. வந்தவர்கள் தெருவிலேயே நின்று தூரத்திலிருந்து கும்பிட்டார்கள். ஒருவர் நீட்டின கையை வேட்டியைச் சரிசெய்வது போல் கீழே கொண்டுபோனார். மந்திரமூர்த்தியின் இரண்டு கைகளும் சற்று நேரம் காற்றில் இருந்தன. பிறகு அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆறுமுகத்தாய் உள்ளேயிருந்து வந்து, "அண்ணே, இங்கன வா," என்று பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"ஊரு பேசுதது ஒனக்குக் கேக்கா? மஞ்சக்காமாலை இல்லையாம்லா."

"யாரு சொன்னது?"

"நமச்சிவாயம் அண்ணாச்சி மச்சினன் அதே ஆஸ்பத்திரியில கெடக்காராம். நேத்து அந்த மச்சினன், ஒன்னியும் அவளையும் அந்த வார்டு வாசல்ல வச்சுப் பாத்திருக்காரு. அது அந்தச் சீக்குக்காரங்க வார்டாம்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "இல்லன்னு சொல்லு."

அவர் சொல்லவில்லை.

ஆறுமுகத்தாய் துவைகல்லில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். முன்வாசலில் அழுத அழுகை அல்ல அது. வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். முகம் மாறியிருந்தது.

"நான் சொல்லுததக் கேளு. அவகிட்ட இருந்துதான் இவனுக்கு ஒட்டிச்சுன்னு பொம்பளைய இப்பமே பேச ஆரம்பிச்சிட்டாவ. வயிறு தொறக்காததுக்கும் அதான் காரணம்ங்காவ. நீ ஆமான்னும் சொல்லண்டாம், இல்லன்னும் சொல்லண்டாம். சும்மா இரி. அது போதும்."

"அவளுக்கு அந்தச் சீக்கு இல்ல ஆறுமுகம்."

"இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. அவ நாளைக்கு வள்ளியூருல பொறந்த வீட்டுக்குப் போறவ. நம்ம பிள்ள செத்தும் இங்கனதான இருக்கப்போறான். அவன் படத்துக்கு மாலை போடணும்லா. நாலு பேரு அந்தப் படத்தப் பாத்துட்டு என்ன நெனைக்கணும்? நீ எம்புட்டுப் பாடுபட்டுச் சேத்த பேரு இது. யாரோ ஒருத்திக்காக ஆத்துல விட்டுருவியா?"

முந்தின நாள் இதே யோசனை கேட்டிருந்தால் அவரே அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பார். சும்மா இருப்பது பொய் ஆகாது. வீட்டின் பேச்சு படி தாண்டக் கூடாது. இந்த இரண்டையும் அவர் எத்தனை பஞ்சாயத்தில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

தெருமுனையில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "வள்ளியூர்க்காரங்க வந்துட்டாவ. கோடி வந்துட்டு," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

*

புருஷன் இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரும். உடன்பிறந்தவன் தன் கையால் அதை அவள் தோளில் போடவேண்டும். போட்டதும் அவள் அவன்மேல் சாய்ந்து அழுவாள். உனக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது என்று ஊரறியச் சொல்வது அது. அந்தச் சேலைக்குக் கோடி என்று பெயர்.

சுகன்யாவின் அண்ணன் மகாராஜன் தாம்பாளத்தில் சேலையை ஏந்திக்கொண்டு வேனிலிருந்து இறங்கினான். வள்ளியூர்ச் சந்தையில் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவன். பின்னால் அவன் மனைவி கனி. தெருமுனையில் அவர்களை யாரோ நிறுத்திப் பேசியது பந்தலிலிருந்தே தெரிந்தது. பேசி முடித்தபோது கனியின் கை புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தது.

அண்ணனைக் கண்டதும் சுகன்யாவின் முகம் அன்றைக்கு முதல் முறையாக அசைந்தது. தோளில் கிடந்த தலைப்பை ஒதுக்கிவிட்டு, அவன் வருவதற்காகக் கழுத்தைத் தாழ்த்திக் காத்திருந்தாள்.

மகாராஜன் பந்தல்கால் வரை வந்தான். சட்டை பின்னால் இழுபட்டது. அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தாம்பாளத்தை வைத்தான்.

"வச்சிருக்கு," என்றான், யாரையும் பார்க்காமல். "எடுத்துக்கிடச் சொல்லுங்க."

ஒப்பாரி தானாகவே நின்றது.

"என்னய்யா இது, மொறையில்லாம," என்று ஒரு கிழவி முனகினாள்.

"எங்க வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைய இருக்கு பெரியம்மா," என்றாள் கனி. குரலில் திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. "ஒரே கக்கூசு, ஒரே தொட்டி. நாங்க எப்படிக் கூட்டிட்டுப் போய் வச்சிக்கிட? நீங்களே சொல்லுங்க."

"அவகிட்ட இருந்து வராம எங்கேருந்து வந்திருக்கும். எங்க பிள்ள ஒரு குத்தமும் தெரியாதவன்," என்று கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது. அது ஆறுமுகத்தாயின் குரல் அல்ல. ஆனால் அவள் மறுக்கவில்லை. வாசல்படியில் வந்து நின்ற தமையனை மட்டும் பார்த்தாள்.

சுகன்யா தாழ்த்திய கழுத்தை நிமிர்த்தவில்லை. ஒதுக்கிய தலைப்பை அப்படியே எடுத்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டாள். மாமனாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சரி மாமா என்று காலையில் சொன்ன சொல்லைக் காத்துக்கொண்டிருந்தாள்.

பெருமாள்ராஜுக்கு மீசை அரும்பிய காலத்தில் இந்த ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்தது. கோயில் முக்கில் தப்பு அடித்து ஆள் சேர்த்து, இந்தச் சீக்கைப் பற்றி ஆடிப் பாடினார்கள். கடைசியில் ஒரு பெண் கையில் சிறிய பொட்டலத்தைத் தூக்கிப்பிடித்து, இதை எப்படிப் போடுவது என்று சொல்லத் தொடங்கினாள். மந்திரமூர்த்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். பொம்பளைகள் நடமாடுகிற தெரு, மூட்டையைக் கட்டுங்கள் என்றார். அதற்குமேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. இளைஞர்கள் கூவிக்கொண்டு அந்த வேனின் பின்னால் ஓடினார்கள். கரண்டுக் கம்பத்தில் சாய்ந்து நின்ற மகன் மட்டும் ஓடவில்லை. மறு அறுப்புக்கு அவன் ஆந்திராவுக்கு வண்டி ஏறினான்.

மந்திரமூர்த்தி படியிறங்கிப் பந்தலுக்குள் வந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். சுகன்யாவின் பக்கத்தில் போய் நின்றார். அவர் குரல் கோயில் கூட்டத்தில் வரிப்பணம் பற்றிப் பேசுகிற குரலாகவே இருந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எம் மவனுக்கு வந்தது மஞ்சக்காமாலை இல்ல. அது நான் சொன்ன பொய். அவனுக்கு எய்ட்ஸ். கல்யாணத்துக்கு முன்னாடி, போன எடத்துல அவனாத் தேடிக்கிட்டது. இந்தப் பிள்ள அவனுக்குக் குடுக்கல. இந்தப் பிள்ளைக்கு அது கெடையவே கெடையாது."

"அண்ணே," என்றாள் ஆறுமுகத்தாய்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

தெருவோரத்தில் நின்ற நமச்சிவாயம் தொண்டையைச் செருமினார். அவரும் இவர் வயதுக்காரர்தான். இருவரும் சேர்ந்து எத்தனையோ வழக்கைத் தீர்த்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய. புருசன் பொஞ்சாதியா ஒரே பாயில இத்தன வருசம். அவனுக்கு இருந்து இவளுக்கு இல்லன்னா, அது எப்படின்னு நாலு பேரு கேப்பாவல்லா."

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த கௌரவமான வேறு சொல் எதுவும் இல்லை. அக்காமார், தங்கைமார், மதினிமார், மருமகள்மார் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்தது போலவே சொன்னார்.

"ஆணுறை."

யாரோ ஒரு பெண் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற ஓர் இளைஞன் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் இருந்தவன் இடித்ததும் நிறுத்தினான்.

"ஆணுறை போட்டுத்தான் எம் மவன் குடும்பம் நடத்தியிருக்கான். சீக்கு இருக்குன்னு தெரிஞ்ச நாளில இருந்து, ஒரு நா தவறாம. அத ஒழுங்காப் போட்டா ஒருத்தருட்ட இருந்து ஒருத்தருக்குப் போவாம தடுக்கும்வே. தடுத்திருக்கு. அதனாலதான் இவ உசிரோட இருக்கா. அதனாலதான் இவ வயித்துல ஒரு பிள்ளை இல்ல. மலடின்னு சொன்னிய. காய்க்காத மரம்னு இப்பம் வரைக்கும் பாடுனிய. நானும் அப்படித்தான் நெனச்சேன். இவ ஒரு வார்த்த பேசல. எம் மவன் பேரு கெட்டுரும்னு பேசல."

கனியின் பக்கம் திரும்பினார்.

"ஒரே தொட்டியில குளிச்சா வராது, ஒரே கக்கூசுல போனா வராது. இவளுக்கு இல்லவே இல்லைங்கும்போது அந்தப் பேச்சுக்கே எடமில்ல. இதுக்கு நான் காயிதம் ஒண்ணும் காட்டமாட்டேன். என் வாய்ச்சொல்லுதான். இத்தன நாளும் அது இந்த ஊருல செல்லிச்சு. இன்னைக்குச் செல்லுமா செல்லாதான்னு நீங்க பாத்துக்கிடுங்க."

கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

மந்திரமூர்த்தி நாற்காலியிலிருந்த தாம்பாளத்தை எடுத்தார். மகாராஜன் முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

"ஒந் தங்கச்சிக்குக் கோடிய நீ போடுதியா, நான் போடட்டா?"

மாமனார் கையால் கோடி வாங்கிய பெண் என்ற பேச்சு பிறந்த வீட்டை விட்டு எத்தனை தலைமுறைக்கும் போகாது. மகாராஜனுக்கு அது தெரியும். ஆனால் அவன் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் தாழ்த்தியபடியே இருந்த தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கனியின் பிடி தானாக விட்டதா, அவன் பிடுங்கிக்கொண்டானா தெரியாது. சேலையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். விரித்துத் தோளில் போட்டான்.

"சுகனி," என்றான்.

அவள் அவன் முழங்காலில் முகத்தை வைத்தாள். ஆஸ்பத்திரியிலும் வண்டியிலும் பந்தலிலும் வராத அழுகை அப்போது வந்தது. அதைக் கேட்டுப் பெண்களில் சிலர் கூட அழுதார்கள். ஆறுமுகத்தாய் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க ஆற்றுக்குப் போனவர்கள் ஒரு குடத்துத் தண்ணீர் மட்டுமே கொண்டுவந்தார்கள். கூடப் போக ஆள் இல்லை. குளிப்பாட்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் பீடி பற்றவைக்கப் போயிருந்தார்கள். மந்திரமூர்த்தி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானே மகனுக்குத் தண்ணீர் விட்டார். தலையைத் தேய்த்தார், அக்குளைத் தேய்த்தார், விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு இருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தார். அது போகவில்லை. இயந்திரத்தோடு வாழ்ந்தவனின் கை. நெற்றியில் திருநீறு பூசும்போது குனிந்து எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற மகாராஜனுக்குக்கூடக் கேட்கவில்லை.

பாடை தூக்க நான்கு பேர் தேறினார்கள். அவர்களில் ஒருவன் மகாராஜன். இன்னொருவன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வாடகை வாங்க நின்றவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தான்.

சுடுகாட்டில் மந்திரமூர்த்தி மீசையை எடுத்துக்கொண்டார். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார். மகன் செய்ய வேண்டியதை அப்பன் செய்தார். கொள்ளி வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. திரும்பாமல் ஆற்றை நோக்கி நடந்தார்.

தாமிரபரணியில் தண்ணீர் மார்பளவுக்கு, தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் மேல்புறத்தில் இறங்குவார்கள். அவர்களைத் தொட்டு ஓடி வரும் தண்ணீரில் மற்றவர்கள் முங்குவார்கள். அந்தத் துறையில் மேல்புறம் எப்போதும் மந்திரமூர்த்திக்குத்தான். வழக்கப்படி போய் நின்று, கண்ணை மூடி ஒரு முங்கு போட்டார்.

எழுந்து முகத்தைத் துடைத்தபோது கீழ்ப்புறம் காலியாக இருந்தது. சுடுகாட்டுவரை வந்திருந்த கொஞ்சப்பேரும் அவரைக் கடந்து மேலே போய், அவருக்கு மேற்கே, நாணல் ஓரத்தில் இறங்கியிருந்தார்கள். அங்கே ஆழம் இல்லை. முழங்கால் தண்ணீரில் குனிந்து கையால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நமச்சிவாயமும் அங்கேதான் நின்றார். எல்லாரும் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மந்திரமூர்த்தி மேலே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அவர் உடம்பைச் சுற்றிக்கொண்டு ஓடிய தண்ணீர் யாரையும் தொடாமல் மணல்திட்டைத் தாண்டிப் போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முங்கினார். இந்த முறை வெகுநேரம் உள்ளேயே இருந்தார்.

வெளியே வந்தபோது பக்கத்தில் தண்ணீர் சளசளத்தது. மகாராஜன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரைத் தாண்டிக் கீழ்ப்புறத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றான். அவரைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து ஓடி வந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டான். இன்னொரு கை அள்ளி வாயில் ஊற்றிக் கொப்பளித்தான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான்.